இயங்குதளத்தைப் புதுப்பித்த பின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் சிக்னல் 11 காட்டி அடிக்கடி விழுகிறது

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஓர் ஆவணக் காப்பகத்தின் பட்டியல் தரவுத்தளத்தை நான் பராமரித்து வருகிறேன். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 14ஆம் பதிப்பு, லினக்ஸ் சர்வர், 32 ஜிபி நினைவகம், ஏறத்தாழ 180 ஜிபி தரவு. பழைய இயங்குதளப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டதால், கடந்த வாரம் ஓர் இரவில் இரண்டு பதிப்புகளைத் தாண்டி அதைப் புதுப்பித்தேன். இயங்குதளத்தின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி 2.27 இருந்த இடத்தில் இப்போது 2.35 இருக்கிறது. போஸ்ட்கிரெஸின் முதன்மைப் பதிப்பை மாற்றவில்லை. தரவுக் கோப்புறையையும் நான் தொடவில்லை. பழைய கோப்புறையையே புதிய இயங்குதளத்தின் மேல் தரவுத்தளம் திறந்துகொண்டது.

புதுப்பித்த மறுநாளிலிருந்து, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை எல்லா இணைப்புகளும் ஒரே நொடியில் அறுந்துவிடுகின்றன. சர்வர் லாகில், ஒரு புராசஸ் சிக்னல் 11ஆல், அதாவது செக்மென்டேஷன் ஃபால்ட்டால், முடிந்துவிட்டது என்ற வரி முதலில் வருகிறது. அதைத் தொடர்ந்து மற்ற எல்லாப் புராசஸ்களும் நிறுத்தப்படுவதாகவும், தரவுத்தளம் முறையாக மூடப்படாததால் தானியங்கி மீட்பு நடப்பதாகவும் வரிகள் வருகின்றன. பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் அது தானாகவே எழுந்துவிடுகிறது. ஆனால் நேற்று இரவு அப்படி எழவில்லை. மீட்பு தொடங்குவதும், பாதியில் நிற்பதும், மறுபடியும் தொடங்குவதுமாக மூன்று முறை நடந்து, நான்காவது முறைதான் அது நிலைத்தது.

வட்டைச் சோதித்தேன், குறை எதுவும் தெரியவில்லை. நினைவகச் சோதனையும் ஓர் இரவு முழுவதும் ஓடியது. அதிலும் பிழை இல்லை. பகிர்வு நினைவக அளவைக் குறைத்தும் கூட்டியும் பார்த்ததில் மாற்றம் இல்லை. உடன் பணியாற்றும் ஒருவர், பிஜி_ரீசெட்வால் நிரலை இயக்கி வால் எனப்படும் மாற்றப் பதிவுகளை நீக்கிவிட்டால் மீட்புச் சிக்கல் தீர்ந்துவிடும் என்கிறார். இன்னொருவர், பழைய இயங்குதளத்துக்கே திரும்பிவிடலாம் என்கிறார். இரண்டில் எதையும் செய்வதற்கு முன் அனுபவம் உள்ளவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். இந்தத் தரவை உள்ளிட்டு முடிக்கப் பலர் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். என் அவசரத்தால் அதில் ஒரு பதிவு அழிந்தாலும் அதை என்னால் பொறுத்துக்கொள்ள இயலாது.

மறுமொழி 1

வணக்கம். இரண்டு யோசனைகளில் முதலாவதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். வால் என்பது வேண்டாத குப்பையன்று. வட்டில் இன்னும் தரவுக் கோப்புகளைச் சென்றடையாத மாற்றங்கள் அங்குதான் இருக்கின்றன. பிஜி_ரீசெட்வால் அவற்றைத் துறந்துவிட்டு, எல்லாம் சரியாக இருப்பதாகப் பாவித்துத் தரவுத்தளத்தைத் திறந்துவிடும். பாதி எழுதப்பட்ட பக்கங்கள் அப்படியே நிலைத்துவிடும். எங்கே எது கெட்டது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. வேறு எந்த வழியிலும் தரவுத்தளம் எழவே எழாதபோது, எஞ்சியதை அள்ளிக்கொள்ள மட்டும் பயன்படும் கருவி அது. உங்கள் தரவுத்தளம் தானாகவே எழுகிறது. அதே காரணத்துக்காக, வால் கோப்புறையில் உள்ள எந்தக் கோப்பையும் கையால் அழிக்காதீர்கள். புராசஸ் எண் எழுதப்பட்டிருக்கும் பூட்டுக் கோப்பையும், சர்வர் ஓடவில்லை என்று உறுதியாகத் தெரியாதவரை நீக்காதீர்கள்.

அடுத்த நிறுத்தத்தின்போது சர்வரை முறையாக மூடி, தரவுக் கோப்புறை முழுவதையும் வேறொரு வட்டுக்கு நகலெடுத்து வையுங்கள். 180 ஜிபி என்பது சில மணி நேர வேலைதான். இனிமேல் செய்யும் சோதனைகள் எதிலாவது தவறினால் திரும்பி வர ஓர் இடம் இருக்க வேண்டும்.

இப்போது சிக்னலுக்கு வருவோம். புராசஸைக் கொன்ற எண்ணே பாதி விடையைச் சொல்லிவிடும். அது 9ஆக இருந்திருந்தால், நினைவகம் தீர்ந்தபோது இயங்குதளத்தின் மையமான கெர்னலே அந்தப் புராசஸைப் பலியிட்டிருக்கலாம் என்று முதலில் ஐயுற்றிருப்பேன்; புதிய இயங்குதளங்களில் சேவை வாரியான நினைவக வரம்புகள் மாறியிருப்பதால் அது நடக்கக்கூடியதுதான். 6ஆக இருந்திருந்தால், போஸ்ட்கிரெஸ் தன் உள்ளே ஏதோ பொருந்தாததைக் கண்டு, மேலே போவது ஆபத்து என்று தானாகவே நின்றிருக்கிறது எனக் கொள்ளலாம். அப்போது லாகில் பேனிக் என்ற வரி இருக்கும். 11 என்பது வேறு வகை. தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியை நிரல் தொட்டிருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்று இயங்குதளம் மாறியவுடன் அப்படிச் செய்தால், போஸ்ட்கிரெஸுக்குள் ஏற்றப்படும் ஏதோ ஒரு லைப்ரரி அதன் கூட்டாளிகளோடு பொருந்தவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஒரு புராசஸ் விழுந்தால் எல்லாரையும் ஏன் வெளியேற்றுகிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். எல்லாப் புராசஸ்களும் ஒரே பகிர்வு நினைவகத்தை வைத்துத்தான் இயங்குகின்றன. விழுந்தது அதைக் கெடுத்திருக்கலாம் என்ற ஐயத்தில், தாய்ப் புராசஸ் அனைவரையும் நிறுத்திவிட்டு வாலிலிருந்து மீண்டும் கட்டியெழுப்புகிறது. அது உங்கள் தரவைக் காப்பதற்கான நடவடிக்கை.

லாகில் சிக்னல் 11 என்ற வரிக்கு அடியிலேயே, விழுந்த புராசஸ் அந்த நேரத்தில் எந்த வினவலை இயக்கிக்கொண்டிருந்தது என்றும் பதிவாகியிருக்கும். எல்லா நாள்களின் விழுதல்களையும் எடுத்து, அந்த வினவல்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அவை எல்லாமே பெரிய அறிக்கைகளா, அன்றாடச் சிறு தேடல்களா? பெரியவை மட்டும் விழுகின்றன என்றால் என் ஐயம் ஜிட் மீது செல்லும். வினவலை இயங்கும் நேரத்திலேயே இயந்திர மொழியாக மாற்றும் இந்த வசதி போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கிறது. எனினும், திட்டமிடப்பட்ட செலவு 1,00,000 என்ற அளவைத் தாண்டும் வினவல்களில் மட்டுமே அது தலையிடும். அந்த மாற்றத்தைச் செய்யும் எல்எல்விஎம் லைப்ரரியையும் அப்போதுதான் ஏற்றும். அதனால்தான் அந்த லைப்ரரி பொருந்தாமல் போனாலும், சிறு வேலைகள் நாள் முழுவதும் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, ஆண்டறிக்கையை யாராவது கேட்கும் நொடியில் எல்லாம் சரிந்துவிடும். ஜிட் அமைப்பை ஆஃப் என்று மாற்றி, அமைப்புகளை மறுவாசிப்புச் செய்தாலே போதும். சர்வரை மூடித் திறக்கத் தேவையில்லை. இழப்பதற்கு ஒன்றுமில்லாத சோதனை என்பதால் இன்றே செய்து பாருங்கள்.

மறுமொழி 2

மேலே எழுதியவர் சொன்னதோடு உடன்படுகிறேன். இரண்டு குறிப்புகளை மட்டும் சேர்க்கிறேன்.

கெர்னலின் லாகையும் பாருங்கள். செக்மென்டேஷன் ஃபால்ட் நிகழ்ந்த நேரத்தில் அங்கே ஒரு வரி பதிவாகியிருக்கும். எந்த நிரல், எந்த முகவரி என்பதோடு, எந்த லைப்ரரிக் கோப்பினுள் விழுந்தது என்ற பெயரும் பெரும்பாலும் அதன் இறுதியில் இருக்கும். விழுந்த நொடியின் நினைவகப் பதிவான கோர் டம்பைத் திறந்து படிப்பதற்கு முன்பே, ஊகத்தை உறுதிசெய்ய அந்த ஒற்றைப் பெயர் போதும். அது எல்எல்விஎம்மாக இல்லாமல், நீங்களோ உங்களுக்கு முன் இருந்தவரோ தாமாகவே கம்பைல் செய்து சேர்த்த எக்ஸ்டென்ஷனாக, அதாவது கூடுதல் வசதி நிரலாக, இருந்தால், அதைப் புதிய இயங்குதளத்தில் மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும்.

நேற்று இரவு மூன்று முறை மீட்பு அறுந்தது சிக்னல் 11ஆல் நிகழ்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி ஒரு சேவையைத் தொடங்கியதும், அது தயாராகிவிட்டது என்று அறிவிக்க இயல்பாக 90 நொடிகள்தான் தருகிறது. மீட்பு அதைவிட நீண்டால், அது தொங்கிவிட்டது என்று கருதி சிஸ்டம்டியே அதை நிறுத்திவிடும். சேவைக் கோப்பில் காத்திருப்பு வரம்பு என்னவென்று பாருங்கள். போஸ்ட்கிரெஸ் ஆவணத்தில் தரப்பட்டுள்ள மாதிரிக் கோப்பு அந்த வரம்பை எல்லையற்றதாக வைக்கச் சொல்கிறது. புதுப்பித்தலின்போது உங்கள் பழைய சேவைக் கோப்பு மாற்றி எழுதப்பட்டிருக்கலாம். மீட்பில் இருக்கும் தரவுத்தளத்தை அவசரப்படுத்துவதைப் போன்ற தவறு வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

முதலில் சர்வரை முறையாக மூடி, தரவுக் கோப்புறையை நகலெடுத்தேன். பிறகு லாகைப் பார்த்தால், பதினொரு விழுதல்களிலும் ஓடிக்கொண்டிருந்தவை பல அட்டவணைகளை இணைத்துத் தொகுக்கும் அறிக்கை வினவல்களாகவே இருந்தன. கெர்னல் லாகில் ஒவ்வொரு முறையும் எல்எல்விஎம் லைப்ரரியின் பெயர் இருந்தது. நிறுவப்பட்ட மென்பொருள் பொதிகளைச் சரிபார்த்தபோது, புதுப்பித்தலுக்கு முன் வெளிக் களஞ்சியங்கள் முடக்கப்பட்டதால், போஸ்ட்கிரெஸின் பொதிகளும் அதனோடு வந்த லைப்ரரிகளும் பழைய இயங்குதளத்துக்காகக் கட்டப்பட்டவையாகவே தங்கிவிட்டன என்று தெரிந்தது. ஜிட்டை நிறுத்தினேன். இரண்டு நாள்களாக ஒருமுறைகூட விழவில்லை. சேவைக் கோப்பின் வரம்பு 90 நொடிகளாகத்தான் இருந்தது, அதையும் மாற்றிவிட்டேன்.

இத்துடன் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இன்று காலை பட்டியல் பிரிவிலிருந்து ஒரு முறையீடு வந்தது. 11-204 என்ற சேர்க்கை எண்ணைத் தேடினால் அப்படி ஓர் ஆவணம் இல்லை என்று வருகிறது. ஆனால் அதே ஆவணத்தை அதன் தலைப்பில் உள்ள ஒரு சொல்லைக் கொண்டு தேடினால் கிடைக்கிறது. திரையில் சேர்க்கை எண் 11-204 என்றே காட்டுகிறது. இடைவெளியோ கண்ணுக்குத் தெரியாத எழுத்தோ ஒட்டியிருக்கலாம் என்று பைட்டுகளையும் எண்ணிப் பார்த்தேன், எதுவும் இல்லை. அடிக்கடி விழுந்ததால் தரவு கெட்டுவிட்டதா?

மறுமொழி 3

விழுந்ததால் அன்று என்றே நினைக்கிறேன். உங்கள் முதல் பதிவில் ஜிலிப்சி 2.27, 2.35 என்ற இரண்டு எண்களையும் படித்ததிலிருந்தே இந்த முறையீடு வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்போதே எழுதாதது என் தவறு. உங்கள் தரவுத்தளம் சிக்னல் 11ஆல் ஒருமுறைகூட விழாமல் இருந்திருந்தாலும் இது நடந்திருக்கும்.

எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்ற விதியை, நீங்கள் வேறாகச் சொல்லாதவரை, போஸ்ட்கிரெஸ் தானாக வைத்துக்கொள்வதில்லை. இயங்குதளத்தின் ஜிலிப்சியிடம் கேட்டுக்கொள்கிறது. 2018 ஆகஸ்டில் வெளியான ஜிலிப்சி 2.28இல் அந்த விதிகள் பெருமளவில் மாற்றப்பட்டன. ஏதோ ஒரு மொழிக்கு மட்டும் நேர்ந்த சிறு திருத்தமன்று அது. நிறுத்தக்குறிகளையும் சிறு கோட்டையும் மதிப்பிடும் முறையே மாறியது. நீங்கள் 2.27இலிருந்து 2.35க்கு வந்தபோது சரியாக அந்த எல்லையைத் தாண்டியிருக்கிறீர்கள்.

ஐந்து நொடிச் சோதனை ஒன்று உண்டு. உங்கள் தரவுத்தளம் எந்த லொகேலை, அதாவது மொழி அமைப்பை, பயன்படுத்துகிறதோ அது அமெரிக்க ஆங்கில யுடிஎஃப்-8 என்றால், அதே லொகேலில் 1-1 என்பதையும் 11 என்பதையும் இரண்டு வரிகளாக எழுதி, வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளைக்குக் கொடுங்கள். பழைய ஜிலிப்சி 11ஐ முதலிலும் 1-1ஐப் பின்பும் தரும், 2.28உம் அதற்குப் பிந்தையதும் 1-1ஐ முதலில் தரும். உங்கள் சேர்க்கை எண்களில் நடுவே சிறு கோடு இருப்பதைப் பார்த்தவுடன், நீங்கள் எந்த இடத்தில் அடிபட்டிருக்கிறீர்கள் என்பது விளங்கிவிட்டது.

தேடலை விரைவாக்க மதிப்புகளை வரிசையாக அடுக்கி வைக்கும் பிட்ரீ இண்டெக்ஸை ஓர் அகராதியாக எண்ணிக்கொள்ளுங்கள். மெய்யெழுத்தை உயிர்மெய்க்கு முன் வைத்து ஒருவர் அகராதி ஒன்றை அச்சிட்டுவிட்டார். அதைப் புரட்டுபவரோ, மெய் பின்னால்தான் வரும் என்று பழகியவர். நடுப்பக்கத்தைத் திறக்கிறார், தாம் தேடும் சொல் இதற்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து வலப்பக்கம் போகிறார், சொல்லோ இடப்பக்கம் இருக்கிறது. கடைசிவரை தேடிவிட்டு, அப்படி ஒரு சொல்லே அகராதியில் இல்லை என்று நேர்மையாகவே சொல்கிறார். உங்கள் இண்டெக்ஸ் பழைய விதிப்படி அடுக்கப்பட்டது. தேடுவது புதிய விதிப்படி. அட்டவணையில் தரவு கெடவில்லை. தலைப்புத் தேடலில் அது கிடைப்பதற்குக் காரணம், அந்தத் தேடல் சேர்க்கை எண்ணின் இண்டெக்ஸ் வழியே போகவில்லை என்பதே.

என்னை உண்மையில் கலங்கவைப்பது தேடல் தவறுவதன்று. ஒரே எண் இரண்டு முறை பதிவாகாமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாடும் இதே இண்டெக்ஸைத்தான் நம்பியிருக்கிறது. புதிய பதிவு வரும்போது, இந்த எண் முன்பே இருக்கிறதா என்று அது இண்டெக்ஸில் தேடும். தவறான பக்கத்தில் தேடி இல்லை என்று முடிவுசெய்து, அனுமதித்துவிடும். உங்கள் பட்டியல் பிரிவில் யாராவது, ஆவணம் பதிவாகவில்லை போலும் என்று எண்ணி மறுபடி உள்ளிட்டிருந்தால், இப்போது ஒரே எண்ணில் இரண்டு பதிவுகள் இருக்கும். ஒவ்வொரு மணி நேரமும் இது பெருகக்கூடும். ஆகவே முதலில், இந்த நிமிடமே, எழுதும் பணிகளை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

பழைய இயங்குதளத்துக்குத் திரும்பும் யோசனை இன்னும் உயிரோடு இருந்தால், அதைக் கைவிட இதுவே காரணம். இந்த ஒரு வாரத்தில் சேர்ந்த பதிவுகள் புதிய விதிப்படி இண்டெக்ஸுக்குள் நுழைந்திருக்கின்றன. ஒரே இண்டெக்ஸில் இரண்டு விதிகளும் கலந்துவிட்ட பின், எந்த ஜிலிப்சியின் மேல் அதைத் திறந்தாலும் ஒரு பகுதி தவறாகத்தான் இருக்கும். மீண்டும் கட்டுவதுதான் வழி.

எவை கெட்டிருக்கின்றன என்று அறிய ஆம்செக் எக்ஸ்டென்ஷன் உதவும். உங்கள் பதிப்பான 14இல், எல்லா இண்டெக்ஸ்களையும் ஒருசேரச் சோதிக்கும் பிஜி_ஆம்செக் என்ற தனிக் கட்டளையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அட்டவணையில் உள்ள ஒவ்வொரு பதிவும் இண்டெக்ஸில் இருக்கிறதா என்று ஒப்பிடும் விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரம் கூடும், ஆனால் பெறுமானமுள்ளது. எழுத்து வகை நெடுவரிசைகளின் இண்டெக்ஸ்களில்தான் பிழை வரும். எண், தேதி, யூயூஐடி ஆகியவற்றின் மேல் கட்டப்பட்டவற்றையும், பைட் வரிசையிலேயே அடுக்கும் சி கொலேஷன் என்ற வரிசை விதி கொண்டவற்றையும் இது தொடுவதில்லை. ஆம்செக் பிழை காட்டாதவற்றையும் சேர்த்து, எழுத்து இண்டெக்ஸ்கள் அனைத்தையும் மீண்டும் கட்டிவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. இன்று சோதனையில் தப்பிய ஒன்று, நாளை ஒரு சிறுகோடு வரும்போது தடுமாறக்கூடும்.

கட்டுவதற்கு முன் இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடியுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது: இரட்டைகளைத் தேடும் வினவலே கெட்ட இண்டெக்ஸ் வழியாகப் போனால், விடையும் கெட்டதாகவே வரும். ஆகவே அந்த இணைப்பில் மட்டும் இண்டெக்ஸ் ஸ்கேன், இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன், பிட்மேப் ஸ்கேன் ஆகிய மூன்றையும் அணைத்துவிட்டு, அட்டவணையை முழுவதுமாக வாசித்துத் தொகுக்கச் செய்யுங்கள். இரட்டைகள் கிடைத்தால் எதையும் நிரல் மூலம் தானாக அழிக்காதீர்கள். எந்தப் பதிவில் சரியான விவரம் இருக்கிறது என்று பட்டியல் பிரிவில் உள்ளவர்களே ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லட்டும்.

கேட்டவர்

ஐயா, நீங்கள் சொன்னவாறே இருந்தது. சார்ட் சோதனை 1-1ஐத்தான் முதலில் தந்தது. எழுதும் பணிகளை உடனே நிறுத்தினோம்.

எழுத்து நெடுவரிசைகளின் மேல் மொத்தம் 43 இண்டெக்ஸ்கள் இருந்தன. அவற்றில் ஒன்பதில் வரிசை மீறல் என்று பிஜி_ஆம்செக் அறிவித்தது. சேர்க்கை எண்ணில் 17 இரட்டைகள் கிடைத்தன. பதினேழும் இந்த வாரத்தில் நுழைந்தவை. விசாரித்தபோது, தேடியும் கிடைக்காததால் பழைய பதிவு தொலைந்துவிட்டது என்று எண்ணி, நல்ல மனத்தோடு கைப்பதிவேட்டைப் பார்த்து மீண்டும் உள்ளிட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இணைப் பதிவுகள் அனைத்தும் சேர்க்கை எண்ணைக் கொண்டு இணைக்கப்படாமல், எண் வகை முதன்மைச் சாவியைக் கொண்டு இணைக்கப்பட்டிருந்தது எங்கள் நல்வாய்ப்பு.

அவர்களோடு அமர்ந்து பதினேழையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். நேற்று இரவு எழுத்து இண்டெக்ஸ்களைக் தரவுத்தளம் ஓடும்போதே செய்யும் கன்கரண்ட்லி முறையில் மீண்டும் கட்டத் தொடங்கினேன். நாற்பத்திரண்டு முடிந்துவிட்டன. சேர்க்கை எண்ணின் யூனிக் இண்டெக்ஸ் மட்டும், இன்னும் ஓர் இரட்டை இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டது. அட்டவணையில் இண்டெக்ஸ் பெயரோடு சிசிநியூ என்ற ஒட்டுடன் புதிதாக ஒன்று தெரிகிறது. இதை என்ன செய்வது? மேலும், இவ்வளவு பெரிய மாற்றத்துக்குப் போஸ்ட்கிரெஸ் ஓர் எச்சரிக்கைகூடத் தராதது ஏன் என்றும் புரியவில்லை.

மறுமொழி 3

சிசிநியூ ஒட்டுடன் இருப்பது பாதியில் நின்றுபோன புதிய இண்டெக்ஸ். அது செல்லாதது என்று குறிக்கப்பட்டிருக்கும். வினவல்கள் அதைப் பயன்படுத்தமாட்டா, ஆனால் எழுதும்போதெல்லாம் அதையும் புதுப்பிக்கும் சுமை தொடரும். பிழைச் செய்தியிலேயே அந்த இரட்டை எண் இருக்கும். அதைச் சரிசெய்துவிட்டு, சிசிநியூ இண்டெக்ஸை நீக்கி, மறுபடியும் கட்டுங்கள். பழைய இண்டெக்ஸை நீங்களாக நீக்க வேண்டாம். பதினெட்டாவது இரட்டை ஏன் முதலில் அகப்படவில்லை என்று பாருங்கள்; நீங்கள் தேடி முடித்ததற்கும் எழுதுவது நின்றதற்கும் இடைப்பட்ட நேரத்தில் நுழைந்திருக்கலாம்.

எச்சரிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள். தனியாகக் குறிப்பிட்டு உருவாக்கப்பட்ட ஜிலிப்சி கொலேஷன்களின் பதிப்பை 13ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் குறித்துவைக்கிறது. ஆனால் தரவுத்தளத்தின் இயல்பான கொலேஷனுக்கு அந்தக் கண்காணிப்பு 15ஆம் பதிப்பில்தான் வந்தது. பெரும்பாலோர் பயன்படுத்துவது இயல்பானதையே என்பதால், 14இல் இருந்த நீங்கள் எதையும் பார்த்திருக்க வழியில்லை. 15ஆம் பதிப்பிலிருந்து, இணையும்போதே கொலேஷன் பதிப்பு பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வரும். அதைக் கண்டவுடன், ரிஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன் என்ற கட்டளையை இயக்கி எச்சரிக்கையை அணைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டளை பதிவேட்டில் உள்ள எண்ணை மட்டுமே மாற்றும். ஒரு இண்டெக்ஸையும் திருத்தாது. இண்டெக்ஸ்களைக் கட்டி முடித்த பிறகு இயக்க வேண்டியது அது.

மறுமொழி 1

ஜிட் பற்றிய பாக்கி ஒன்று இருக்கிறது. புதிய இயங்குதளத்துக்குரிய களஞ்சியத்தை இயக்கி, போஸ்ட்கிரெஸின் எல்லாப் பொதிகளையும் அங்கிருந்தே, அதே 14ஆம் பதிப்பில், மீண்டும் நிறுவுங்கள். பழையவை ஒன்றிரண்டு தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பின் ஓர் இணைப்பில் மட்டும் ஜிட்டை இயக்கி, விழுந்த அதே அறிக்கையை ஓட்டிப் பாருங்கள். விழாவிட்டால் பொதுவில் இயக்கலாம். உங்கள் அறிக்கைகள் அது இல்லாமலே போதிய வேகத்தில் ஓடுகின்றன என்றால், அணைத்தே வைத்திருப்பதிலும் தவறில்லை.

இன்னொன்று. உங்களிடம் ஸ்ட்ரீமிங் முறையில் தொடரும் நகல் சர்வர் இருந்து, அது இன்னும் பழைய இயங்குதளத்திலேயே இருக்கிறதா? இருந்தால், நேற்று இரவு முதல் நிலைமை தலைகீழாகியிருக்கும். முதன்மைச் சர்வரில் புதிய விதிப்படி கட்டிய இண்டெக்ஸ்கள் பைட் மாறாமல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. அங்குள்ள பழைய ஜிலிப்சி அவற்றைப் பழைய விதிப்படி தேடும். வாசிப்புக்கு அதைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் உடனே நிறுத்துங்கள். கோப்பு வடிவில் எடுத்த பழைய காப்புப் பிரதிகளுக்கும் இது பொருந்தும்: அவற்றைப் புதிய இயங்குதளத்தில் மீட்டெடுக்க நேர்ந்தால், எழுத்து இண்டெக்ஸ்களை மீண்டும் கட்டிய பிறகே பயனர்களை உள்ளே விட வேண்டும். அந்தப் பிரதிகளின் மேல் இதை எழுதி வையுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.

அடுத்த முறை இயங்குதளம் மாறும்போது, தரவுக் கோப்புறையை அப்படியே எடுத்துச் செல்லாமல், தரவை வெளியே எழுதித் தரும் பிஜி_டம்ப் வழியாகவோ, மாற்றங்களைப் பதிவு வாரியாக அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் வழியாகவோ புதிய சர்வருக்குக் கொண்டு செல்வது நல்லது. இரண்டிலும் இண்டெக்ஸ்கள் புதிய இடத்தில் புதிதாகவே கட்டப்படும். சேர்க்கை எண்ணைப் போல, மனிதர் படிக்கும் அகரவரிசை தேவைப்படாத நெடுவரிசைகளுக்குச் சி கொலேஷனைக் கொடுத்துவிட்டால், எந்த இயங்குதளத்திலும் பைட் வரிசையே நிலைக்கும். 17ஆம் பதிப்பில் போஸ்ட்கிரெஸே தன்னுள் வைத்திருக்கும் கொலேஷன் வழங்கி ஒன்று வந்திருக்கிறது, அதன் சி.யுடிஎஃப்-8 வரிசை ஜிலிப்சியைச் சார்ந்ததன்று. தலைப்பு, ஆசிரியர் பெயர் போன்றவற்றுக்கு மொழிக்குரிய வரிசை வேண்டும் என்பதால், அவற்றுக்கு மட்டும் இயங்குதளத்தையோ ஐசியூ என்ற தனி லைப்ரரியையோ நம்பியிருந்து, மாறும்போது மீண்டும் கட்டிக்கொள்ளலாம்.

கேட்டவர்

நகல் சர்வர் இருக்கிறது. பழைய இயங்குதளத்திலேதான் இருக்கிறது. வாசிப்பு அறையின் தேடல் முனையங்கள் அதனோடுதான் இணைந்திருந்தன. உங்கள் பதிவைப் படித்தவுடன் அவற்றை முதன்மைச் சர்வருக்குத் திருப்பிவிட்டேன். நகலைப் புதிய இயங்குதளத்தில் அடியிலிருந்து அமைக்கிறேன்.

பதினெட்டாவது இரட்டை, நான் எழுதுவதை நிறுத்தச் சொல்லித் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த நேரத்திலேயே உள்ளிடப்பட்டது. அதைச் சரிசெய்து யூனிக் இண்டெக்ஸையும் கட்டிவிட்டேன். பிஜி_ஆம்செக்கை மறுபடியும் முழுவதுமாக ஓட்டினேன். ஒரு பிழையும் வரவில்லை. பொதிகளை மீண்டும் நிறுவிய பின், ஜிட் இயக்கிய இணைப்பில் ஆண்டறிக்கை மூன்று முறை விழாமல் ஓடியது. 11-204ஐப் பட்டியல் பிரிவில் உள்ளவர்களே தேடிப் பார்த்துவிட்டு, கிடைத்துவிட்டது என்று சற்று முன் தெரிவித்தார்கள். இன்று பிற்பகலிலிருந்து உள்ளீட்டுப் பணியை மீண்டும் தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.